உறக்கத்தில் ஒலிக்கும் பொய் அபாயமணி

படுத்து ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழிந்த நிலையில், கெட்ட கனவு எதுவும் காணாமலும் வெளியிலிருந்து எந்த ஓசையும் எழாமலும் ஒருவர் உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுவதும், நெஞ்சு படபடக்க, மூச்சு முட்ட, உள்ளங்கையும் பிடரியும் வியர்த்து நனைய, இன்னும் சில நொடிகளில் உயிர் போய்விடும் என்ற அச்சத்தில் உறைவதும் மருத்துவத்தில் இரவுநேரப் பீதித் தாக்குதல் என்று அழைக்கப்படுகின்றன. 'பேனிக் அட்டாக்' என்று இன்று பரவலாக அறியப்படும் நிலையின் ஒரு வகையே இது. பகலில் வரும் தாக்குதலுக்கு மின்தூக்கி, பேருந்து நெரிசல், அலுவலகக் கூட்டம் என ஏதேனும் ஒன்றைக் காரணமாகக் காட்டிவிட முடிகிறது. உறங்கிக்கொண்டிருந்த உடலைத் தாக்கும் பீதிக்கு அப்படிச் சுட்டிக்காட்ட எதுவும் இல்லாததால், அதற்கு ஆளானவர் தம் உடலையே, குறிப்பாகத் தம் இதயத்தையே, சந்தேகிக்கத் தொடங்குகிறார்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூல், நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குமட்டல், தலைசுற்றல், கைகால் மரத்துப்போதல், சூழல் உண்மையற்றதாகத் தோன்றுதல், இறந்துவிடுவோம் என்ற அச்சம் உள்ளிட்ட 13 அறிகுறிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் குறைந்தது 4 ஒருங்கே எழுந்து சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடுவதைப் பீதித் தாக்குதல் என வரையறுக்கிறது. இத்தகைய தாக்குதல்கள் எதிர்பாராமல் மீண்டும் மீண்டும் வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலையோ, அதைத் தவிர்ப்பதற்காக வாழ்க்கை முறையையே மாற்றிக்கொள்ளும் போக்கோ ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால், அது பீதிக் கோளாறு என்ற நோயாகக் கருதப்படுகிறது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு மிகுதியாக வருகிறது. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒருமுறையேனும் உறக்கத்தில் தாக்கப்பட்டவர்கள் என்றும், சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது அடிக்கடி நிகழ்கிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. பகலில் ஒருபோதும் வராமல் இரவில் மட்டுமே வருவது அரிது.

இவ்வளவு பரவலாக இருக்கும் ஒரு நிலை, தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் பெயரில்லாமலேயே கழிகிறது. நள்ளிரவில் வாகனம் தேடி, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடி, ஈசிஜி எடுத்து, இரத்தப் பரிசோதனையும் செய்து முடித்த பிறகு, "இதயத்தில் ஒன்றுமில்லை, நிம்மதியாகப் போங்கள்" என்ற சொல்லுடன் அனுப்பப்படுபவர், வீட்டுக்குத் திரும்பும் வழியில் அடைவது நிம்மதி அன்று. செத்துப் பிழைத்ததாக உணர்ந்த ஒருவரிடம் ஒன்றுமே நிகழவில்லை என்று சொல்வது, அவர் பட்ட பாட்டை மறுப்பதாகவே முடிகிறது. அடுத்த வாரம் வேறொரு மருத்துவமனை, அதற்கடுத்து எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோபி என்று அலைச்சல் நீள்கிறது. இதயம் நலமாக இருக்கிறது என்ற முடிவு, நோயறிதலின் முதல் படி. அதையே கடைசிப் படியாக்கிவிடுவதுதான் இந்நோயாளிகளுக்கு இழைக்கப்படும் பெரிய குறை.

கனவில் பிறப்பதில்லை

உறக்கம் ஒரே சீரான மயக்கம் அன்று. அது கனவுகள் செறிந்த உறக்கம் என்றும், கனவு மிகக் குறைந்த உறக்கம் என்றும் இரு பெரும் வகைப்பட்டு, ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை சுழல்கிறது. முதல் வகையில் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசைவதால் அதற்கு விரைவிழி உறக்கம் என்று பெயர். இரண்டாம் வகை, மேலோட்டமான நிலையிலிருந்து ஆழ்ந்த நிலைவரை மூன்று கட்டங்களாக இறங்குகிறது. தாமஸ் மெல்மன், தாமஸ் ஊடே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உறங்குவோரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில், உறக்கப் பீதி கனவுக் கட்டத்தில் எழுவதில்லை என்பதும், இரண்டாம் கட்டத்திலிருந்து ஆழ்ந்த மூன்றாம் கட்டத்துக்கு உடல் இறங்கும் அந்த இடைநிலையிலேயே எழுகிறது என்பதும் தெரியவந்தன. ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியில்தான் மிகுதி என்பதால், படுத்த முதல் மூன்று மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலான தாக்குதல்கள் நிகழ்வதும் இதனால் விளங்குகிறது.

இந்த ஒரு செய்தியே பல குழப்பங்களைத் தீர்க்கிறது. கொடுங்கனவு என்பது விடியலை ஒட்டிய விரைவிழி உறக்கத்தில் வருவது. விழித்தவருக்குக் கதை நினைவிருக்கும். உறக்க அலறல் பெரும்பாலும் சிறுவர்களுக்கு ஆழ்ந்த உறக்கத்தில் வருவது; குழந்தை கத்தி எழுந்து, பெற்றோரையே அடையாளம் காணாமல் விழித்து, மீண்டும் உறங்கிக் காலையில் எதுவும் நினைவில்லாமல் எழும். இரவுப் பீதியிலோ, விழித்தவர் முழு நினைவுடன் இருக்கிறார், நொடி நொடியாக மறுநாள் விவரிக்கிறார், மீண்டும் உறங்க முடியாமல் தவிக்கிறார். தமிழகத்திலும் ஈழத்திலும் 'அமுக்குவான்', 'அமுக்குப் பேய்' என்றெல்லாம் சொல்லப்படுவது இவற்றிலிருந்து வேறான உறக்க முடக்கம். விரைவிழி உறக்கத்தில் தசைகள் செயலற்றிருப்பது இயல்பு. அந்தச் செயலின்மை விலகுவதற்கு முன்பே மனம் விழித்துக்கொள்வதால், கண் திறந்தும் கையசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ ஏறி அமர்ந்திருப்பதாகத் தோன்றும் நிலை அது. இரவுப் பீதியில் உடல் முடங்குவதில்லை. எழுந்து நடக்க முடிகிறது. நடக்காமல் இருக்கத்தான் முடிவதில்லை.

மூச்சை வேவு பார்க்கும் மூளை

பீதியைத் தனி நோயாக மருத்துவம் ஏற்றதே அண்மைக் காலத்தில்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமில்லாத வீரர்கள் நெஞ்சுப் படபடப்பாலும் மூச்சுத்திணறலாலும் துன்புற்றதைக் கண்ட ஜேக்கப் மெண்டஸ் டா காஸ்டா என்ற மருத்துவர், 1871-இல் அதை எளிதில் எரிச்சலுறும் இதயம் என்ற பொருளில் பெயரிட்டு விவரித்தார். இதயநோயாகவே அது நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹில்சைடு மருத்துவமனையில் பணியாற்றிய டொனால்டு கிளைன், இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்து பீதித் தாக்குதல்களை நிறுத்துவதையும், அதே வேளையில் அடுத்த தாக்குதல் வருமோ என்ற முன்னச்சம் மட்டும் நீடிப்பதையும் கண்டு, பீதியும் கவலையும் வெவ்வேறு என்று வாதிட்டார். 1980-இல் வெளியான அமெரிக்க வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு பீதிக் கோளாற்றைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. கிளைன் கண்ட அந்தப் பிளவு இரவுப் பீதியில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது: தாக்குதல் அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது, படுக்கையைப் பற்றிய அச்சமோ மாதக் கணக்கில் அடங்குவதில்லை.

ஏன் உறக்கத்தில் வரவேண்டும் என்ற கேள்விக்கு கிளைன் 1993-இல் ஒரு விடையை முன்வைத்தார். மனித மூளையில் மூச்சடைப்பைக் கண்டறிந்து எச்சரிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது; இரத்தத்தில் கரியமில வாயு உயர்வதை அது இடைவிடாமல் வேவு பார்க்கிறது; சிலருக்கு இந்த அமைப்பு அளவுமீறிக் கூர்மையாக இருப்பதால், சிறிய ஏற்றத்தையும் மூச்சு நின்றுவிடும் அபாயமாகக் கணக்கிட்டு உடல் முழுவதற்கும் பொய்யாக அபாயமணி அடித்துவிடுகிறது என்பது அவருடைய கருத்து. உறக்கம் ஆழமாகும்போது மூச்சு மெதுவாகி, கரியமில வாயுவின் அளவு எல்லா மனிதருக்கும் சற்றே உயர்வதால், அந்த மணி அடிக்க வாய்ப்பான தருணம் அதுவே ஆகிறது. கரியமில வாயு கலந்த காற்றை முகரச் செய்தால் பீதிக் கோளாறு உள்ளவர்கள் மற்றவர்களைவிட எளிதில் பீதியடைவது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. மூளையில் அச்சத்தின் இருப்பிடம் எனக் கருதப்படும் அமிக்டலா என்ற பகுதி இருபுறமும் சிதைந்த மூவரும்கூட, 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒருமுறை உள்ளிழுத்ததும் பீதிக்கு ஆளாயினர். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு வழியும், உடலின் உள்ளிருந்து எழும் மூச்சடைப்புக்கு வேறொரு வழியும் மூளையில் இருக்கின்றன என்பதற்கு இது வலுவான சான்று. மனத்துணிவு இல்லாததால் வரும் நோய் இது என்ற பேச்சுக்கு இந்தச் சான்றுக்குப் பிறகு இடமில்லை.

ஆயினும், தமக்குள் இந்த மணி ஒலிக்கக் கேட்ட எல்லோரும் நோயாளி ஆவதில்லை. ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கிய சுழற்சி இந்த இடைவெளியை நிரப்புகிறது: உடலில் ஏற்படும் ஒரு சாதாரண மாற்றத்தை மாரடைப்பு என்றோ பக்கவாதம் என்றோ பைத்தியம் பிடிக்கிறது என்றோ மனம் தவறாகப் பொருள்கொள்கிறது, அந்தப் பொருளால் எழும் அச்சம் அட்ரினலினைச் சுரக்கவைத்து மாற்றத்தை மேலும் பெருக்குகிறது, பெருகிய மாற்றம் தவறான பொருளுக்குச் சான்றாகிறது. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் கரியமில வாயு இப்போது அளவுக்கு மீறிக் குறைந்து, இரத்தத்தின் காரத்தன்மை கூடி, மூளைக்குச் செல்லும் நாளங்கள் சுருங்குவதால் தலை சுற்றுகிறது, விரல்நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. மாரடைப்பின் அடையாளம் என்று நோயாளி அஞ்சும் பலவும், அஞ்சியதால் அவர் வாங்கிய மூச்சின் விளைவுகளே.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இரவுப் பீதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மிஷெல் கிராஸ்க், இதில் ஒரு நுட்பமான கூறைச் சேர்த்தார். இரவில் தாக்கப்படுபவர்களில் பலர், இருளுக்கோ தனிமைக்கோ அஞ்சுவதைவிட, விழிப்புணர்வை இழப்பதற்கே மிகுதியாக அஞ்சுகிறார்கள்; கண்ணயர்வது, உடல் தளர்வது, மயக்க மருந்து கொடுக்கப்படுவது, தியானத்தில் ஆழ்வது ஆகிய எல்லாமே, தம்மைத் தாமே காவல் காப்பதைக் கைவிடும் செயல்களாக அவர்களுக்குத் தோன்றுகின்றன. உறக்கத்தில் உடல் மாறும் என்று முன்கூட்டி எதிர்பார்த்திருந்தவர்கள், எதிர்பாராமல் அதே மாற்றத்துடன் விழித்தவர்களைவிடக் குறைவாகவே அஞ்சினர் என்பதையும் அவரது ஆய்வு காட்டியது. கண் மூடியிருந்தாலும் காவல் ஓயாத இந்த மனநிலையைப் புரிந்துகொள்ளாமல், "எல்லாவற்றையும் மறந்து நிம்மதியாகத் தூங்கு" என்று அறிவுரை சொல்வது, எதற்கு அஞ்சுகிறாரோ அதையே செய்யச் சொல்வதாகும்.

வாயு என்ற சொல்

தமிழ் வீடுகளில் நள்ளிரவு நெஞ்சடைப்புக்கு முதலில் சொல்லப்படும் காரணம் வாயு; இன்றைய வழக்கில் 'கேஸ்'. ஓமத் தண்ணீரும் சோடாவும் வருகின்றன, முதுகு நீவப்படுகிறது, மார்பில் தைலம் தடவப்படுகிறது. அதிலும் அடங்காவிட்டால், எங்கோ பயந்திருக்கிறது என்று திருநீறு மந்திரித்து, வேப்பிலை அடிக்கப்படுகிறது. இவற்றை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் அது சரியன்று. நோயாளிக்கு உண்மையாகவே ஏதோ நேர்ந்திருக்கிறது என்பதை இந்த வழக்கங்கள் ஒப்புக்கொள்கின்றன. உடலுக்குள் காற்று மேலேறுவதாக உணர்வது தமிழர்க்கு மட்டும் உரியதும் அன்று. கம்போடியாவிலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குடியேறிய ஏதிலிகளிடம் இரவுப் பீதி மிகுதியாக இருப்பதைக் கண்ட மருத்துவர் டெவன் ஹிண்டன், அவர்கள் அதைக் காற்று என்ற பொருள்படும் 'கியால்' தாக்குதல் என்று அழைப்பதையும், அந்தக் காற்று கழுத்து நாளங்களையும் நுரையீரலையும் அடைத்துவிடும் என்று அஞ்சுவதையும் பதிவு செய்தார். 2013-இல் வெளியான அமெரிக்க வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு இந்தப் பெயரையும் ஏற்றுக்கொண்டது. மக்கள் தம் துன்பத்துக்குச் சூட்டும் பெயரைக் கேட்டு, அதற்குள் இருக்கும் அச்சத்தை இனங்கண்டு பேசும் மருத்துவரிடமே நோயாளி தங்குகிறார். வாயு என்று சொல்பவரிடம் "அந்த வாயு என்ன செய்துவிடும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது, சிகிச்சையின் முதல் கேள்வியாக இருக்கத் தகுதியுடையது.

முதலில் விலக்க வேண்டியவை

பீதி என்ற முடிவுக்கு வருவதற்கு முன் உடல்நோய்கள் விலக்கப்பட்டாக வேண்டும்; இதில் அவசரமும் அசட்டையும் கூடாது. முதன்முறையாக நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால், அதுவும் நாற்பதைக் கடந்தவர், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர், புகைப்பவர் ஆகியோருக்கு வந்தால், அது பீதியாக இருக்கலாம் என்று வீட்டிலேயே ஊகிக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்வதே முறை. பெண்களிடமும் நீரிழிவு நோயாளிகளிடமும் மாரடைப்பு வழக்கமான வலி இல்லாமலும் வரக்கூடும். படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தால் தணிவதும், கால் வீங்குவதும் இதயச் செயலிழப்பின் அறிகுறிகள். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் உடையவர் மூச்சடைத்து விழித்தால், உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடும் உறக்க மூச்சுத்தடை நோய்க்கான உறக்க ஆய்வு தேவைப்படும். இன்சுலின் போடுபவருக்கு நள்ளிரவில் சர்க்கரை தாழ்வது, தைராய்டு மிகைச் சுரப்பு, ஆஸ்துமா, இதயத் துடிப்பு திடீரென எகிறும் லயக் கோளாறு, உறக்கத்தில் வரும் வலிப்பு ஆகியவையும் பீதியைப் போலவே தோற்றமளிக்கும். இரவு பத்து மணிக்கு மேல் வயிறு நிறைய உண்டு உடனே படுப்பவருக்கு அமிலம் உணவுக்குழாயில் ஏறி நெஞ்செரிச்சலுடன் விழிப்பு வருவதும் உண்மையே; வாயு என்ற பழி எப்போதும் பொய்யாவதில்லை.

நோய்களோடு அன்றாடப் பழக்கங்களையும் கவனிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குக் குடித்த காப்பியின் காஃபீனில் ஏறத்தாழப் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடலில் தங்கியிருக்கும். மது தொடக்கத்தில் உறக்கத்தைத் தந்து, அதன் அளவு இரத்தத்தில் இறங்கும்போது நரம்புகளைக் கிளர்ந்தெழச் செய்கிறது. அச்சத்துக்கு மருந்தாக அதைக் குடிப்பவர்களுக்கு அச்சம் பெருகியே திரும்புகிறது.

தாக்கும் நேரத்தில்

உடல்நோய் இல்லை என்று உறுதியான பிறகு, தாக்குதல் வரும் அந்தச் சில நிமிடங்களில் செய்யத் தக்கவை மிகச் சில. செய்யாமல் விடத் தக்கவையே அதிகம். எழுந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, இது பீதித் தாக்குதல், இதற்கு முன்பும் வந்து போயிருக்கிறது, சில நிமிடங்களில் உச்சம் தொட்டுத் தானாக இறங்கும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது முதலாவது. "நன்றாக ஆழமாக மூச்சை இழு" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வது நல்லெண்ணத்தால்தான் என்றாலும், பெரிய மூச்சுகள் கரியமில வாயுவை இன்னும் குறைத்து மரத்துப்போதலையும் தலைசுற்றலையும் கூட்டுவதால், அந்த அறிவுரை தவறானது. மூக்கின் வழியே சிறிதாக, நான்கு எண்ணும் நேரம் வயிறு எழும்ப இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெல்ல வெளிவிடுவதே உடலின் கொதிப்பைத் தணிக்கிறது. காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய முறையை மருத்துவர்கள் இன்று பரிந்துரைப்பதில்லை. உண்மையிலேயே இதயநோயோ ஆஸ்துமாவோ இருந்தால் அது ஆபத்தாக முடியும்.

நாடியைப் பிடித்துப் பார்ப்பது, கைக்கடிகாரத்தில் துடிப்பை எண்ணுவது, கைபேசியில் அறிகுறிகளைத் தேடுவது ஆகியவை அச்சத்தை நீட்டிக்கின்றன. தலையணைக்கடியில் வைத்திருக்கும், நாக்கின் அடியில் கரையும் இதய மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் வாயில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, தலைவலியையும் துடிப்பின் வேகத்தையும் கூட்டி, பீதிக்கே விறகாகிறது. தாக்குதல் அடங்கிய பின் இருபது நிமிடங்களுக்கு மேல் உறக்கம் வராவிட்டால், படுக்கையில் புரளாமல் வேறோர் இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, கண் சொருகும்போது திரும்பிவருவது நல்லது. படுக்கையும் விழிப்பும் மனத்தில் ஒன்றோடொன்று பிணைந்துவிடாமல் அது காக்கிறது.

அச்சத்தை எதிர்கொள்ளக் கற்பித்தல்

தாக்குதலைச் சமாளிப்பது வேறு, நோயைக் குணப்படுத்துவது வேறு. எண்ணமும் நடத்தையும் உடலுணர்வும் ஒன்றையொன்று வளர்ப்பதை ஆராய்ந்து மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் சிபிடி, பீதிக் கோளாற்றுக்கு மிக உறுதியான சான்றுகளைக் கொண்டது. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் இதற்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் போதும் என்கிறது. ஆண்டுக்கணக்கில் நீளும் மனப்பகுப்பு இங்குத் தேவைப்படுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பார்லோவும் அவருடைய குழுவினரும் 312 நோயாளிகளிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், இமிப்ரமினும் சிபிடியும் ஒவ்வொன்றும் பயனளித்தன. எல்லாச் சிகிச்சையும் நிறுத்தப்பட்ட பிறகோ, மருந்து கலவாத சிபிடி பெற்றவர்களிடமே பயன் நீடித்து நின்றது.

இச்சிகிச்சையின் உயிர்ப்பகுதி, அஞ்சும் உடலுணர்வை வேண்டுமென்றே வரவழைத்துப் பழகுவது. நோயாளி சிகிச்சையாளரின் முன் ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்குகிறார், மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சுவிடுகிறார், நாற்காலியில் சுழல்கிறார், நின்ற இடத்திலேயே ஓடுகிறார். படபடப்பும் மூச்சுமுட்டலும் தலைசுற்றலும் வருகின்றன, உயிர் போவதில்லை. சொல்லிப் புரியவைக்க முடியாததை உடல் இவ்வாறு தானே கற்றுக்கொள்கிறது. இரவுப் பீதிக்கு கிராஸ்க் வகுத்த முறையில் இதனோடு இரவுக்கே உரிய பயிற்சிகளும் சேர்கின்றன. காவல் இழப்பதற்கு அஞ்சுபவர், உடலைத் தளர்த்தும் பயிற்சியைப் பகலில் செய்து, தளர்வின்போது எழும் திடுக்கிடலை விரட்டாமல் பார்த்திருக்கப் பழகுகிறார். இடையிரவில் அலாரம் வைத்து எழுந்து, உறக்கத்திலிருந்து திடீரென விழிக்கும்போது இதயம் துடிப்பதும் குழப்பமாக இருப்பதும் இயல்பு என்பதை அறிகிறார். விளக்கை எரியவிடுவது, கதவைத் திறந்து வைப்பது, யாரேனும் விழித்திருந்தால் மட்டுமே கண்ணயர்வது, மருத்துவமனை இல்லாத ஊருக்குத் திருமணத்துக்கும் போகாமலிருப்பது என்று தாம் கட்டியெழுப்பிய அரண்களை ஒவ்வொன்றாகத் தாமே அகற்றுகிறார். அரண் இருக்கும்வரை, தப்பியது அரணால்தான் என்று மனம் நம்பிக்கொண்டிருக்கும்.

இது எளிய வேலை அன்று. முதல் வாரங்களில் அச்சம் கூடுவதாகத் தோன்றும். அந்த நேரத்தில் துணைநிற்கப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் வேண்டும். இதய நோயோ வலிப்போ கருவுற்ற நிலையோ உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இப்பயிற்சிகளைத் தாமாகச் செய்யக்கூடாது.

மருந்தின் இடம்

மருந்து தேவைப்படுவோர் பலர். அதில் நாணத்துக்கு இடமில்லை. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்செட்டின் போன்ற, மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் இருப்பைக் கூட்டும் மருந்துகளே இன்று முதல் தெரிவு. இவை பலன்தரச் சில வாரங்கள் ஆகும் என்பதையும், முதல் சில நாள்களில் படபடப்பைச் சற்றுக் கூட்டலாம் என்பதையும், அதனாலேயே மிகக் குறைந்த அளவில் தொடங்கப்படுகின்றன என்பதையும் மருத்துவர் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாதபோது, உடலின் சிறு மாற்றத்துக்கும் அஞ்சும் இந்நோயாளி மூன்றாம் நாளே மாத்திரையைக் கைவிடுகிறார். குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து, படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

அல்பிரசோலம் வகை மாத்திரைகளின் கதை வேறு. அரைமணியில் அடக்கிவிடுவதால் அவை நோயாளிக்கும் மருத்துவருக்கும் எளிதான வழியாகத் தோன்றுகின்றன; ஆனால் உடல் விரைவில் பழகி, அளவு கூடி, விட முயன்றால் முன்னைவிடக் கடுமையான பதற்றமும் உறக்கமின்மையும் திரும்புகின்றன. பிரிட்டனின் வழிகாட்டுதல் பீதிக் கோளாற்றுக்கு இவ்வகை மருந்துகளையே தவிர்க்கச் சொல்கிறது. இந்தியாவில் அல்பிரசோலம், மருந்துச்சீட்டின் விவரங்களைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் காக்க வேண்டிய எச்1 அட்டவணையில் இருக்கிறது. பழைய சீட்டைக் காட்டி வாங்கித் தொடர்ந்து விழுங்குவோர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே அதைக் குறைக்க வேண்டும்.

பக்கத்தில் படுத்திருப்பவர்

நள்ளிரவில் முதலில் எழுப்பப்படுபவர் கணவரோ மனைவியோ தாயோதான். தாக்குதலின் போக்கை அவர் நடந்துகொள்ளும் விதமும் தீர்மானிக்கிறது. வீடு முழுவதையும் எழுப்பிப் பதறுவது அபாயமணிக்கு அபாயம் உண்மை என்று சான்று தருகிறது. "நடிக்காதே, சும்மா படு" என்று அதட்டுவது நோயாளியை அடுத்தமுறை தனியே நடுங்கவிடுகிறது. அருகில் அமர்ந்து, குறைவாகப் பேசி, தம் மூச்சை மெதுவாக விட்டுக் காட்டினாலே போதும். பின்னர், பகலில், மருத்துவரிடம் உடன் செல்வது அதனினும் பெரிய உதவி. நீண்டநாள் சிகிச்சையின்றி இருப்பவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்துகொள்வது வழக்கம். வாழ்வதில் பொருளில்லை என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பல்வேறு மனநோய்களால் பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று தெரியவந்தது. இரவுப் பீதி உடையவர்கள் மருத்துவமனைக்கே போகாதவர்கள் அல்லர். அவசரப் பிரிவின் வாசலைப் பலமுறை மிதித்தவர்கள். ஆகவே இங்குள்ள இடைவெளியை அடைக்கும் பொறுப்பு, ஈசிஜி தாளைக் கையில் வைத்திருப்பவருக்கே முதலில் உரியது. "இதயம் நலமாக இருக்கிறது, உங்களுக்கு வந்தது பீதித் தாக்குதலாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு, இந்த மனநலப் பிரிவுக்குப் போங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலேயே மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தச் சிகிச்சையைக் குடிமக்களின் உரிமையாகவும் ஆக்கியிருக்கிறது. ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம்; இரவு இரண்டு மணிக்கும் அது இயங்குகிறது.